ஞாயிறுக்குள் கார் சரியாகக் கூடாது

"சரியாயிடுச்சு சார்!" என்று மீட்டரை உயர்த்திக் காட்டினார் ஸ்பார்க். "பதினாலு வோல்ட் காட்டுது பாருங்க. பெல்ட்டுதான் லூசா இருந்துச்சு, இழுத்து முறுக்கிட்டேன். இனிமே பேட்டரிக்கு சார்ஜ் ஜம்முனு ஏறும்."

ப்ரூஃப்காரரின் முகம் விழுந்துவிட்டது.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன் சார்."

"இன்னொரு தடவை பாருங்களேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. அடுத்த வாரம் வரைக்கும் எடுத்துக்கிட்டாலும் சரி."

கார் சரியானதற்குத் துக்கம் கொண்டாடுகிற ஆளை ஸ்பார்க் இதுவரை பார்த்ததில்லை. அந்த வட்டாரத்தில் கார்களின் கரண்ட் வேலை எல்லாம் அவருடையதுதான். அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கலாம். அது அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம். ப்ரூஃப்காரர் கதையும் அதேதான். அச்சகத்தில் எழுத்துப் பிழை திருத்துகிற வேலை, அதனால் தெருவே அப்படிக் கூப்பிட்டது.

அவருடைய துக்கத்துக்குக் காரணம் உண்டு. கார் சரியாகிவிட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி வீட்டை விட்டுப் போய்விடுவாள்.

எல்லாம் ஒரு எருமையால் வந்த வினை. ஒரு கம்பெனி இயக்குநரின் பாராட்டு மலர் அச்சகத்துக்கு வந்திருந்தது. அதில் 'பொறுமையின் சிகரம் நம் இயக்குநர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'எருமையின் சிகரம்' என்று அச்சாகிவிட்டது. படத்துக்கு நேர் கீழே, தடித்த எழுத்தில். படத்தையும் வரியையும் சேர்த்துப் பார்த்தவர்கள் யாரும் அதைப் பிழை என்று நினைக்கவில்லை என்பதுதான் கொடுமை. அச்சக முதலாளி ப்ரூஃப்காரரை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். வாங்கிக்கொண்டதை எங்கே இறக்கி வைப்பது? வீட்டுக்கு வந்தார். மனைவி கால்மிஷினில் துணி தைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த டக்கட டக்கட சத்தத்துல உக்காந்து எவனாவது ப்ரூஃப் பாக்க முடியுமா? மனுஷன் குடியிருக்கிற வீடா இது?"

மிஷின் நின்றது. அதோடு பேச்சும் நின்றது. மூன்று வாரம் ஆகிறது.

மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். அவன் இருந்தால் "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று நடுவில் வைத்தாவது பேசலாம். ஆள் இல்லாத வீட்டில் என்ன செய்வது? அவள் பாத்திரங்களிடம் பேச ஆரம்பித்தாள். "சாப்பாடு ஆறிப் போகுது" என்று தட்டிடம் சொல்வாள். "குளிக்கத் தண்ணி சூடா இருக்கு" என்று வாளியிடம் சொல்வாள். ப்ரூஃப்காரர் மட்டும் லேசுப்பட்டவரா? "சட்டையில பட்டன் இல்ல" என்று சட்டையிடமே புகார் செய்வார். மறுநாள் பட்டன் இருக்கும். ஆனால் தைத்தது யார் என்று சட்டையும் சொல்லாது, அவளும் சொல்லமாட்டாள்.

அவருக்குச் சாப்பாடு குறையவில்லை, வெந்நீர் குறையவில்லை. குறைந்தது ஒரே ஒரு சொல். 'என்னங்க.' கல்யாணமான நாள் முதல் வீட்டில் அவர் பெயர் அதுதான். நீட்டிக் கூப்பிட்டால் கடைக்குப் போக வேண்டும் என்று பொருள். வெட்டிச் சொன்னால் கோபம். சமையலறையிலிருந்து மெதுவாக வந்தால் அதற்குப் பொருளே கிடையாது, ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள மட்டும். அந்தக் கடைசி வகைக்காக அவர் ஏங்கிப்போனார். மிஷின் சத்தத்துக்கும் ஏங்கினார். சத்தமில்லாத வீட்டில் ப்ரூஃப் இன்னும் மோசமாகத்தான் போனது. ஒரே வரியை நாலு தடவை படித்தாலும் கண் எழுத்திலும் காது கூடத்திலும் இருந்தன.

இந்த நிலையில்தான் போன வாரம் அவள் குக்கரிடம் அந்தச் செய்தியைச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை கார் வேணும். அக்கா வீடு வரைக்கும். இனிமே அங்கதான். இந்த வீட்டுக்கு ஒத்துவரல."

இப்படி யார் என்று சொல்லாமல் விட்ட வாக்கியத்துக்கு இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று பெயர். விடுபட்ட ஆளைப் படிக்கிறவர் போட்டுக்கொள்ள வேண்டும். ப்ரூஃப்காரருக்கு அது தினசரி வேலை. குக்கர் விசில் அடங்குவதற்குள் போட்டுவிட்டார். நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். நான் இனிமேல் அங்கேதான்.

மறுநாள் பரணிலிருந்து பச்சைப் பெட்டி இறங்கியது. அதற்கு மறுநாள் தையல் மிஷினுக்கு உறை போட்டுக் கயிறும் கட்டியாயிற்று. மிஷினையே எடுத்துக்கொண்டு போகிறாள் என்றால் திரும்பி வருகிற எண்ணம் இல்லை என்றுதானே அர்த்தம்? 'போகாதே' என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். ரோஷம் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படி அவர் திண்டாடிக்கொண்டிருந்தபோது, தெய்வமாகப் பார்த்து அனுப்பியது போலக் கார் டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த விளக்கைத்தான் ஸ்பார்க் இப்போது அணைத்துவிட்டு நிற்கிறார்.

ஸ்பார்க் போனதும் ப்ரூஃப்காரர் ஸ்பேனரை எடுத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். பேட்டரியில் ஒயரைக் கவ்விப் பிடித்திருந்த நட்டை லேசாகத் தளர்த்தி, மூடியை மூடி, காரைத் தடவிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் சாவியைத் திருப்பினால் கார் 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

"அண்ணே, மறுபடியும் போயிடுச்சுண்ணே" என்று போன் போட்டவள் மனைவி. ஸ்பார்க் வந்தார், மூடியைத் திறந்தார், காப்பி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

"நட்டு கழண்டிருக்கு சார். ஆச்சரியமா இருக்கு, நேத்து கெட்டியாத்தானே இருந்துச்சு?"

"பழைய நட்டு. மனசுக்குத் தோணினா கழண்டுக்கும்."

"இனிமே தோணாது." ஸ்பார்க் சுரண்டித் துடைத்து, புது நட்டு போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். பிறகு, இந்த சாருக்குக் காரில் இவ்வளவு அக்கறையா என்று மனம் இளகி, ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிப் பாடம் எடுத்தார். "இதுதான் ஆல்டர்னேட்டர் சார். எஞ்சின் ஓடும்போது கரண்ட் பண்ணி பேட்டரிக்கு அனுப்புறது இதான். பின்னாடி ஒரு சின்ன ஒயர் சொருகியிருக்கு பாருங்க? அது மட்டும் விட்டுப்போச்சுன்னா கண்டுபிடிக்கிறதுக்குள்ள தாவு தீந்துடும்."

"அப்படியா!" என்றார் ப்ரூஃப்காரர். மூன்று வாரத்தில் முதல் முறையாக அவர் கண்ணில் வெளிச்சம் தெரிந்தது.

அன்று சாயங்காலமே அந்த ஒயர், சொருகியிருப்பது போலத் தோற்றம் மட்டும் கொடுத்துக்கொண்டு, சொருகாமல் இருந்தது.

அடுத்த நாள் ஸ்பார்க் வந்து பானெட்டைத் திறந்தபோது எஞ்சின் ஓடியது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை. "ஒருத்தர் உள்ள உக்காந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கணும், ஒருத்தர் மீட்டரைப் பாக்கணும். நான் கடைக்குப் போய் வேற மீட்டர் எடுத்துட்டு வந்துடறேன், இது பொய் சொல்லுது போல" என்று மீட்டரை ப்ரூஃப்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மனைவி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நடுவில் பானெட் மூடி தூக்கி நின்றது. அவள் முகம் இவருக்குத் தெரியவில்லை, இவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. பேச வசதியாக இருந்தது.

"போடு."

"போட்டாச்சு."

"மிதி."

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

"எவ்வளவு காட்டுது?"

ப்ரூஃப்காரர் மீட்டரிலிருந்து தலையை நிமிர்த்தினார். இது தட்டிடம் கேட்டதல்ல, வாளியிடம் கேட்டதல்ல. அவரிடம் கேட்டது.

"பன்னெண்டரை."

"ஏறவே இல்லையா?"

"இல்ல."

"கொஞ்ச நாளாவே அப்படித்தான்" என்றாள் அவள், மெதுவாக.

காரைச் சொல்கிறாளா, வேறு எதையாவது சொல்கிறாளா? ப்ரூஃப்காரர் கேட்கவில்லை. "லைட்டைப் போடு" என்றார். போட்டாள். "அணை" என்றார். அணைத்தாள். "ஹாரன் அடி" என்றார். ஹாரனுக்கும் சார்ஜுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளும் கேட்கவில்லை. அடித்தாள். வைப்பர், இண்டிகேட்டர், ரேடியோ என்று அந்தக் காரில் என்னென்ன உண்டோ அத்தனையையும் போடச் சொல்லி, அணைக்கச் சொல்லி, மறுபடி போடச் சொன்னார். ஸ்பார்க் திரும்பி வந்தபோது வெயில் காய்கிற பகலில் வைப்பர் ஆட, நாலு பக்கமும் இண்டிகேட்டர் கண்ணடிக்க, கார் கல்யாண வீடு போல இருந்தது. பேட்டரி பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

வேறு மீட்டரும் அதையேதான் சொன்னது. ஸ்பார்க் ஆல்டர்னேட்டரைக் கழற்றித் தன் கடைக்குத் தூக்கிப் போனார். அங்கே வைத்து ஓட்டிப் பார்த்தால் பதினாலு. கொண்டுவந்து மாட்டினார். வீட்டு வாசலிலும் பதினாலு. சந்தோஷமாகப் போனார். அவர் தெருமுனை தாண்டியதும் ஒயர் மறுபடி தோற்றம் மட்டும் கொடுக்க ஆரம்பித்தது. பதினாலு பன்னிரண்டரை ஆனது.

மறுபடியும் வந்த ஸ்பார்க் வாசல் படியில் உட்கார்ந்தே விட்டார்.

"எங்க கடையில நல்லா இருக்குது சார். இங்க வந்தா படுத்துக்குது. கார்ல கோளாறு இல்ல. இந்த வீட்லதான் ஏதோ கோளாறு."

கணவனும் மனைவியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தூக்கமே வரல தங்கச்சி" என்று ஸ்பார்க் அவள் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷத்துல ஒரு வண்டி என்னை இப்படி அவமானப்படுத்தினதில்ல. இந்தக் காரை நம்பி இனிமே நீங்க காத்திருக்க வேணாம். சனிக்கிழமை மத்தியானம் என் வேனைக் கொண்டுவர்றேன். அக்கா வீட்டுக்குத்தானே? பத்திரமா ஏத்திக்கிட்டுப் போய் எறக்கிவிட்டுடறேன்."

"ரொம்ப உபகாரம்ண்ணே" என்றாள் அவள்.

ப்ரூஃப்காரருக்குத் தலையில் இடி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப் போடத்தானே இவ்வளவு பாடுபட்டார்? அது ஒரு நாள் முன்னால் வந்து நிற்கிறது. அதுவும் அடுத்தவன் வேனில்!

சனிக்கிழமை காலையில் மனைவியின் அக்கா போன் செய்தார். மனைவி குளித்துக்கொண்டிருந்ததால் இவர் எடுத்தார்.

"இன்னிக்கே அனுப்புறீங்களாமே தம்பி? நல்லதாப் போச்சு. ஜன்னலோரமா இடம் ஒதுக்கி வச்சுட்டேன், நல்ல வெளிச்சம். கால் ஒண்ணு சரியில்லன்னு சொன்னாளே, இப்ப எப்படி இருக்கு?"

"மாடி ஏறினா கொஞ்சம் சிரமம் அண்ணி."

"மாடிக்கெல்லாம் ஏத்தமாட்டேன், கீழேயே இருக்கட்டும். இத்தனை வருஷம் உழைச்சிருக்கு இல்ல? அப்பப்ப எண்ணெய் போட்டா சரியாயிடும். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. திரும்ப வேணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, அனுப்பிடறேன்."

ப்ரூஃப்காரர் தன்னையே நொந்துகொண்டார். கட்டினவளுக்குக் கால் வலி என்று பக்கத்து ஊரில் இருக்கிற அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே கூரையின் கீழ் இருக்கிற அவருக்கு அதைச் சரியாக விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை. 'திரும்ப வேணும்' என்று அந்த ஒரு வார்த்தையை இப்போதே சொன்னால் என்ன? போனைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். "வைக்கட்டுமா அண்ணி?" என்றுதான் வந்தது.

அப்புறம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். போகிறாளா, போகட்டும். ஆனால் கொண்டுபோய் விடுவது ஸ்பார்க் இல்லை. நான்தான். பக்கத்து ஊர் போய்ச் சேருகிற வரைக்குமாவது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

"வேன் வர்றதுக்குள்ள கார் சரியாயிடும்" என்று குடையிடம் சொன்னார்.

"சரியானா நல்லதுதான். வேன்னா ரொம்பக் குலுங்கும்" என்று அவள் அலமாரியிடம் பதில் சொன்னாள்.

ப்ரூஃப்காரர் ஓடினார். ஒயரை நெஞ்சார நேசித்து, அழுத்திச் சொருகினார். எல்லாம் சரி. ஆனால் வைப்பரும் ரேடியோவுமாக அன்று கொண்டாடிய கொண்டாட்டத்திலும், அப்புறம் சார்ஜே ஏறாமல் கிடந்ததிலும் பேட்டரி காலி. சாவியைத் திருப்பினால் முனகக்கூட இல்லை. எதிர்வீட்டு டாக்ஸிக்காரரிடம் ஒரு பேட்டரியும் அதிலிருந்து இதற்குக் கரண்ட் கொடுக்க இரண்டு கேபிளும் இரவல் வாங்கி வந்தார். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

இங்கேதான் தொழில் புத்தி குறுக்கே வந்தது. கறுப்பு மையில் இருப்பது மூலம், சிவப்பு மையில் இருப்பது அடித்தல். ஆயுசு முழுக்க அவர் கை அறிந்தது இது ஒன்றுதான். சிவப்பு என்றால் கழி. டாக்ஸிக்காரரின் பேட்டரியில் டாக்ஸிக்காரரே சரியாக மாட்டிக் கொடுத்திருந்தார். இவர் தன் பேட்டரியைப் பார்த்தார். கழித்தல் குறி போட்ட முனை இருந்தது. சந்தேகமே இல்லாமல் சிவப்பைக் கொண்டுபோய் அங்கே வைத்தார். கறுப்பைக் கூட்டல் குறியில் வைத்தார்.

பட்டென்று ஒரு சத்தம். நீலமாக ஒரு பொறி. ஆல்டர்னேட்டர் பக்கத்திலிருந்து குபுகுபுவென்று புகை.

"என்னங்க!"

உள்ளேயிருந்து அவள் ஓடி வந்தாள். செருப்பு கூடப் போடவில்லை. கேபிளை அவர் கையிலிருந்து தட்டிவிட்டு, அவரைப் பின்னால் இழுத்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க, கை சுட்டுடுச்சா? எங்க எரியுது? அய்யோ, என்னங்க, பேசுங்களேன்!"

ப்ரூஃப்காரர் எண்ணிக்கொண்டிருந்தார். மூணு 'என்னங்க'. மூன்றுமே இதுவரை கேட்டிராத புது வகை. கார் எரிந்து சாம்பலானாலும் பரவாயில்லை என்று இருந்தது. முகமெல்லாம் கரி, புருவத்தில் பாதி இல்லை. சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. புகையால்தான் என்று சொல்லிக்கொள்ள வசதியாகப் புகையும் இருந்தது.

வாசலில் வேன் வந்து நின்றது. இறங்கிய ஸ்பார்க் புகையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"என்ன சார் பண்ணீங்க?"

ப்ரூஃப்காரருக்கு அணை உடைந்தது. ஆனால் மூன்று வாரப் பழக்கம், மனைவியை நேராகப் பார்த்துச் சொல்ல வரவில்லை. ஸ்பார்க்கைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாங்க பண்ணினேன். நட்டைக் கழட்டினதும் நான்தான், ஒயரைப் பிடுங்கினதும் நான்தான். உங்க தொழில் மேல ஒரு குத்தமும் இல்ல. கார் ஓடினா அவ போயிடுவாளேன்னு பண்ணினேன். அவகிட்ட சொல்லுங்க, போக வேணாம்னு. சத்தம்னு அன்னிக்கு வாய்க்கு வந்ததைக் கத்திட்டேன். சத்தம் இல்லாம ஒரு வரி படிக்க முடியல என்னால. அவ இல்லாம இந்த வீட்ல நான் சுவரோட பேசிக்கிட்டுக் கிடக்க முடியாது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அவளை மட்டும் வேன்ல ஏத்தாதீங்க!"

அவள் பிடித்த கையை விடாமல், வாயைத் திறந்தபடி நின்றாள்.

ஸ்பார்க் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டார்.

"தங்கச்சி எங்க சார் போறாங்க? 'அவருக்குச் சத்தம் ஆகல, மிஷினையும் நூல் வச்ச பச்சைப் பெட்டியையும் மட்டும் அக்கா வீட்ல போட்டுட்டு வந்துடுங்கண்ணே'ன்னுதானே எங்கிட்ட சொன்னாங்க!"